கப்பலை இழுக்குது காத்தாடி!

பட்டம் விட்டா என்ன கிடைக்கும்? 'நல்லா நாலு வாங்கிக் கட்டிக்கலாம்' என்பதுதான் நம்ம ஊர் அனுபவம். அதுவும் செமஸ்டர் லீவில் மொட்டை மாடியில் நூலும் கையுமாக மாட்டினால், 'வயசு இருபதாகப் போகுது, இன்னும் காத்தாடியா?' என்று ஆரம்பித்து, பக்கத்து வீட்டுப் பையனின் கேம்பஸ் இன்டர்வியூ வரைக்கும் அர்ச்சனை நீளும்.

ஜெர்மனியைச் சேர்ந்த ஸ்டெஃபான் வ்ராகேவுக்கு அதே பட்டம் ஒரு கம்பெனியையே கொடுத்தது பாஸ்! டீன்-ஏஜில் பட்டம் விடும்போது அது கையைப் பிடித்து இழுத்த இழுப்பைப் பார்த்து, 'இதை ஒரு படகில் கட்டினால் எப்படி இருக்கும்?' என்று யோசித்தவர் அவர். 2001-ல் தாமஸ் மேயர் என்ற பார்ட்னரோடு சேர்ந்து ஹாம்பர்க் நகரில் 'ஸ்கைசெயில்ஸ்' கம்பெனியை ஆரம்பித்தார். 2008 ஜனவரி 22 அன்று 'பெலுகா ஸ்கைசெயில்ஸ்' என்ற 132 மீட்டர் நீளச் சரக்குக் கப்பல், ஜெர்மனியின் பிரெமர்ஹாவன் துறைமுகத்திலிருந்து தென் அமெரிக்காவின் வெனிசுலாவுக்குக் கிளம்பியது. அதன் முன்பக்கத்தில் தயாராக இருந்தது 160 சதுர மீட்டர் பட்டம். உங்க காலேஜ் வாலிபால் கோர்ட் இருக்கே, கிட்டத்தட்ட அந்த சைஸ்!

உடனே, 'என்ஜினையே ஆஃப் பண்ணிட்டாங்களா?' என்று கேட்காதீங்க. என்ஜின் அது பாட்டுக்கு ஓடும். நல்ல காற்று கிடைக்கும்போது பட்டம் மேலே போய் ஒரு கை கொடுக்கும். என்ஜினுக்குக் கொஞ்சம் வேலை குறையும், எண்ணெய் மிச்சம். ஐடியா அவ்வளவுதான்.

கேட்க சிம்பிளாக இருக்கிறது. காத்து ஃப்ரீ, எண்ணெய்க்குக் காசு. அப்புறம் ஏன் இன்றைக்கு உலகத்துக் கடலெல்லாம் பட்டமாகப் பறக்கவில்லை? பதிலில் பாதி இன்ஜினீயரிங். மீதிப் பாதி, வாடகைக் கணக்கு. ரெண்டையும் பார்த்துடலாம், வாங்க.

இதுக்கு இவ்வளவு மெனக்கெடணுமா?

உங்க கையில் இருக்கிற செல்போன், ஹாஸ்டல் மெஸ்ஸில் பூரி பொரிக்கிற பாமாயில், பைக்குக்குப் போடுகிற பெட்ரோலாகப் போகிற கச்சா எண்ணெய்... எல்லாமே ஏதோ ஒரு கட்டத்தில் கப்பல் ஏறியவைதான். அளவுக் கணக்கில் பார்த்தால் உலக வர்த்தகத்தில் 80 சதவீதத்துக்கு மேல் கடல் வழியாகத்தான் போகிறது.

இந்தக் கப்பல்களில் பல எரிப்பது என்ன தெரியுமா? கச்சா எண்ணெயிலிருந்து பெட்ரோல், டீசல் எல்லாம் பிரித்து எடுத்த பிறகு அடியில் தங்குகிற கசடு எண்ணெய். தார் மாதிரி கெட்டி. சூடு பண்ணினால்தான் குழாயில் ஓடும். நிலக்கரியோ இரும்புத்தாதுவோ சுமக்கிற ஒரு பெரிய கப்பல் ஒரு நாளைக்கு 30, 40 டன் எரிப்பது சர்வ சாதாரணம். மனிதர்களால் உண்டாகும் பசுமை இல்ல வாயுக்களில் கப்பல்களின் பங்கு 2018-ல் 2.89 சதவீதம் என்கிறது, சர்வதேச கடல்சார் அமைப்பு 2020-ல் வெளியிட்ட ஆய்வு.

'கார் மாதிரி பேட்டரி போட்டுட வேண்டியதுதானே?' ஆற்றைக் கடக்கிற படகுக்கு அது சரி. வாரக்கணக்கில் கடலைத் தாண்டுகிற கப்பலுக்கு வேண்டிய பேட்டரியை ஏற்றினால், சரக்கு ஏற்ற இடம் இருக்காது. அதனால்தான் நம்ம முப்பாட்டன்கள் கப்பல் ஓட்டிய அதே காற்றின் பக்கம் இன்ஜினீயர்கள் மறுபடியும் திரும்பினார்கள்.

கிரிக்கெட் தாத்தாவின் தாத்தா!

பட்டத்தை வைத்து வண்டி இழுப்பது வ்ராகேவுக்கு முன்னாடியே நடந்த கூத்து. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஜார்ஜ் போகாக் என்று ஒரு ஸ்கூல் வாத்தியார் இருந்தார். 1826-ல் பட்டம் இழுக்கும் வண்டிக்கு அவர் பேட்டன்ட்டே வாங்கினார். வண்டியின் பெயர் 'ஷார்வோலன்ட்'. அந்தக் காலத்தில் டோல்கேட்டில் வண்டியை இழுக்கும் குதிரைகளை எண்ணிக் காசு வாங்குவார்கள். இவர் வண்டியில்தான் குதிரையே இல்லையே! காசு கொடுக்காமல் ஜாலியாகப் போனார் என்று சொல்வார்கள்.

மனுஷன் அதோடு நிற்கவில்லை. தன் மகள் மார்த்தாவையே நாற்காலியில் உட்கார வைத்து, பட்டம் கட்டி மேலே தூக்கிப் பார்த்தார். பயப்படாதீங்க, பத்திரமாக இறங்கிவிட்டார். அந்த மார்த்தாவின் மகன்தான் பின்னாளில் கிரிக்கெட்டைக் கலக்கிய டபிள்யூ.ஜி.கிரேஸ்!

1903-ல் சாமுவேல் கோடி என்பவர், பட்டம் கட்டிய சின்னப் படகில் இங்கிலீஷ் கால்வாயையே தாண்டிக் காட்டினார். ஆனால் அதற்குள் நீராவி என்ஜின் ஊரை வளைத்துவிட்டது. நிலக்கரியும் பிறகு எண்ணெயும் மலிவாகக் கிடைத்ததால், பட்டம் மறுபடியும் சின்னப் பசங்க கைக்கே வந்து சேர்ந்தது.

'எட்டு' போட்டால்தான் லைசென்ஸ்!

சரி, ஒரு துணி எப்படிக் கப்பலை இழுக்கும்?

முதல் விஷயம், உயரம். கடல் மட்டத்தில் அலைகளோடு உரசி உரசிக் காற்றின் வேகம் குறைந்துவிடும். மேலே போகப் போக வேகமும் கூடும், விட்டு விட்டு அடிப்பதும் குறையும். பாய்மரத்தை எவ்வளவு உயரம் நட முடியும்? பட்டத்துக்கு அந்தக் கவலை இல்லை. நூலை விட்டால் போச்சு. கப்பல் பட்டங்கள் 100 முதல் 300 மீட்டர் உயரத்தில் பறப்பதற்காகச் செய்யப்பட்டவை.

இரண்டாவது விஷயம்தான் சூப்பர். டூவீலர் லைசென்ஸ் வாங்கப் போனால் ஆர்.டி.ஓ. ஆபீஸில் 'எட்டு' போடச் சொல்வார்களே, அதையேதான் இந்தப் பட்டமும் வானத்தில் போடுகிறது. ஏன்? காற்றே இல்லாத மத்தியானத்திலும் பைக்கில் போனால் முகத்தில் காற்று அடிக்கும் இல்லையா? அதே மாதிரி, பட்டம் ஒரே இடத்தில் நிற்காமல் காற்றுக்குக் குறுக்கே சர்ர்ரென்று ஓடும்போது, அடிக்கிற காற்றோடு தன் வேகத்தால் வரும் காற்றும் சேர்ந்துகொள்கிறது. இழுவிசை என்பது காற்று வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் மூன்று மடங்கானால் இழுப்பு ஒன்பது மடங்கு! குறுக்கே பறக்கும் பட்டத்தில் எவ்வளவு சக்தி எடுக்கலாம் என்று அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த மைல்ஸ் லாய்ட் 1980-லேயே கணக்குப் போட்டு வெளியிட்டுவிட்டார். ஃபிசிக்ஸ் கிளாஸை கட் அடித்தவர்கள் இப்போது ஃபீல் பண்ணலாம்.

இந்தப் பட்டம் நம்ம ஊர் மூங்கில் குச்சி, கலர் பேப்பர் சமாச்சாரம் இல்லை. பாராகிளைடர் பார்த்திருக்கீங்களா? அந்த மாதிரி இரண்டு அடுக்குத் துணி. நடுவில் அறை அறையாகத் தடுத்திருப்பார்கள். காற்று உள்ளே புகுந்ததும் விமான இறக்கை மாதிரி உப்பிக்கொள்ளும். கப்பலின் முன்தளத்தில் மடித்து வைத்திருக்கும் பட்டத்தை ஒரு கம்பம் உயரத் தூக்கிப் பிடிக்க, அது விரிந்து கிளம்பும். கயிறு, எஃகுக்குச் சவால் விடும் செயற்கை இழை. பட்டத்துக்குக் கீழே தொங்குகிற ஒரு பெட்டிதான் டிரைவர். கம்ப்யூட்டர் சொல்கிறபடி இந்தப் பக்க நூல், அந்தப் பக்க நூல் என்று இழுத்து எட்டுப் போட வைக்கும். இறக்க வேண்டுமென்றால் வின்ச் கயிற்றைச் சுற்றிக்கொள்ளும்.

பாய்மரத்தைவிட இதில் இன்னும் இரண்டு சௌகரியம். கயிறு தாழ்வாக, முன்தளத்தில் கட்டியிருப்பதால் பெரிய மரம் நட்ட கப்பல் மாதிரி பக்கவாட்டில் சாயாது. அப்புறம், துறைமுகத்தில் கிரேன் வந்து சரக்கு இறக்கும்போது நடுவில் மரம் மட்டை எதுவும் இடிக்காது.

பட்டம் எங்கே மக்கர் பண்ணும்?

\* எதிர்க்காற்று: காற்று நேர் எதிரே அடித்தால் பட்டத்தால் பைசா பிரயோஜனமில்லை. வாடை, தென்றல், கொண்டல், கோடை என்று திசைக்கொரு பெயர் வைத்த தமிழருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எந்த வழியில், எந்த மாதம் போகிறோம் என்பதைப் பொறுத்தே லாபம்.

\* வேகமான கப்பல்: பின்னாலிருந்து 20 நாட் வேகத்தில் காற்று. கப்பல் போவது 12 நாட். பட்டத்துக்கு மிஞ்சுவது 8 நாட். கப்பலே 20 நாட்டில் போனால்? மிஞ்சுவது பூஜ்யம்! அதனால் அவசரக்கார கன்டெய்னர் கப்பலைவிட, நிதானமாகப் போகும் நிலக்கரி, தானியக் கப்பல்களுக்கே இது பொருத்தம்.

\* தண்ணீரில் விழுந்தால்: காற்று திடீரென்று படுத்துவிட்டால் பட்டமும் படுக்கும். நனைந்த அத்தனை பெரிய துணியைக் கடலிலிருந்து இழுத்து ஏற்றுவது லேசுப்பட்ட வேலையில்லை. கயிறு ப்ரொப்பெல்லரில் சிக்கினால் இன்னும் வம்பு.

\* ஆள் பலம்: பெரிய சரக்குக் கப்பலில்கூட மொத்தம் இருபது பேர் சுமாருக்குத்தான் வேலை செய்வார்கள். பட்டம் விட, இறக்க, மடிக்க என்று தனி ஆள் கிடையாது. எல்லாமே தானாக நடந்தாக வேண்டும். ஏற்றுவதைவிட, ஆடுகிற கப்பலில் பத்திரமாக இறக்குவதுதான் கஷ்டம்.

ஆண்டு சராசரியாக 10 முதல் 35 சதவீதம் வரை எரிபொருள் மிச்சமாகும் என்று ஸ்கைசெயில்ஸ் விளம்பரம் செய்தது. நிஜம் வழிக்கு வழி மாறும். மைக்கேல் டிராட் என்ற ஆய்வாளரின் குழு சில முக்கிய வழித்தடங்களின் காற்றுக் கணக்கை வைத்து 2014-ல் ஓர் ஆய்வு வெளியிட்டது. ஒரு பட்டம் சராசரியாகக் கொடுக்கும் சக்தி, வழியைப் பொறுத்து 127 கிலோவாட்டிலிருந்து 461 கிலோவாட் வரை. அதாவது ஒரு வழியில் இருபது 100 சிசி பைக் சேர்ந்து இழுப்பது போல. இன்னொரு வழியில் எழுபத்தைந்து பைக்! வித்தியாசம் சும்மா இல்லை.

கன்னத்தில் கை வைக்க வைத்த கப்பல்

2008-ல் பெலுகா கப்பல் கிளம்பியபோது நேரம் அருமையாக இருந்தது. கச்சா எண்ணெய் விலை ஏறிக்கொண்டே போய் அந்த ஜூலையில் பீப்பாய் 147 டாலரைத் தொட்டது. எண்ணெயை மிச்சம் பண்ணித் தருகிற எவரையும் கப்பல் முதலாளிகள் உட்காரவைத்துக் காபி கொடுக்கிற காலம்.

செப்டம்பரில் அமெரிக்காவின் லேமன் பிரதர்ஸ் வங்கி விழுந்தது. பின்னாடியே உலகப் பொருளாதாரமும். டிசம்பரில் எண்ணெய் 40 டாலருக்கும் கீழே. நிலக்கரி, தாது சுமக்கும் கப்பல்களின் வாடகையைக் காட்டும் 'பால்டிக் டிரை' குறியீடு மே மாதம் 11,793-ல் இருந்தது, டிசம்பரில் 663! சரக்கே இல்லாமல் கப்பல்கள் சும்மா நிற்கும்போது பட்டம் வாங்க யாருக்குத் தெம்பு இருக்கும்? 'கப்பல் கவிழ்ந்தாலும் கன்னத்தில் கை வைக்காதே' என்பார்கள். கப்பல் கம்பெனியே கவிழ்ந்தால்? பெலுகா நிறுவனம் 2011 மார்ச்சில் திவாலானது.

முறம் யார் வாங்கித் தர்றது?

'சரி, எண்ணெய் விலை அப்புறம் ஏறுச்சே? அப்ப ஏன் வாங்கலை?' நல்ல கேள்வி. இங்கேதான் வாடகைக் கணக்கு வருகிறது.

காலேஜ் பக்கத்தில் நாலு பேர் சேர்ந்து வீடு எடுத்துத் தங்கியிருக்கீங்க. மாடியில் சோலார் ஹீட்டர் போட்டால் கரன்ட் பில் பாதியாகும். யார் போடுவது? ஹவுஸ் ஓனரைக் கேட்டால், 'பில்லு கட்டறது நீங்க, நான் எதுக்குப்பா காசு போடணும்?' என்பார். உங்களைக் கேட்டால், 'ஃபைனல் இயர் முடிஞ்சதும் காலி பண்ணிடுவோம், எங்களுக்கு எதுக்கு?' என்பீங்க. ரெண்டு பேர் சொல்வதும் நியாயம்தான். ஹீட்டர் மட்டும் வராது.

கப்பலிலும் அச்சு அசல் இதே கதை. நிறையக் கப்பல்கள் நாள் வாடகைக்கு ஓடுகின்றன. கப்பல் ஒருவருடையது, சரக்கு அனுப்ப வாடகைக்கு எடுப்பவர் இன்னொருவர். எண்ணெய்க் காசு பெரும்பாலும் வாடகைக்கு எடுப்பவர் தலையில். பட்டம் மாட்டும் செலவு கப்பல்காரருக்கு, மிச்சமாகிற லாபம் வாடகைக்காரருக்கு என்றால் யார் மாட்டுவார்கள்?

'லாபத்தைப் பங்கு போட்டுக்கலாமே!' போடலாம். ஆனால் எரிந்த எண்ணெயை அளக்கலாம். எரியாத எண்ணெயை எப்படி அளப்பது? இந்தப் பயணத்தில் 20 டன் குறைந்தது பட்டத்தாலா, கடல் நீரோட்டம் சாதகமாக இருந்ததாலா, கப்பலின் அடியில் ஒட்டிய பாசியைப் போன மாதம் சுரண்டியதாலா? கப்பல்காரர் ஒன்று சொல்வார், வாடகைக்காரர் இன்னொன்று சொல்வார், நடுவில் வக்கீல் சிரிப்பார்.

காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்ளச் சொன்னார்கள் பெரியவர்கள். நெல் ஒருத்தருடையது, முறம் இன்னொருத்தருடையது என்றால் என்ன செய்வதென்று சொல்லாமல் போய்விட்டார்கள்.

இரண்டாவது ரவுண்டு

இந்த முடிச்சு எங்கெல்லாம் அவிழ்ந்ததோ, அங்கெல்லாம் பட்டம் ஓரடி முன்னே வைத்திருக்கிறது. உலகம் முழுக்கத் தானியம் அனுப்பும் அமெரிக்க நிறுவனம் கார்கில், கப்பல்களை வாடகைக்கு எடுக்கும் பார்ட்டி. 2011-ல் அதுவே முன்வந்து, ஒரு கப்பலில் 320 சதுர மீட்டர் பட்டம் மாட்ட ஸ்கைசெயில்ஸோடு ஒப்பந்தம் போட்டது.

பிரான்ஸில் ஏர்பஸ் விமானக் கம்பெனியிலிருந்து 2016-ல் 'ஏர்சீஸ்' என்ற நிறுவனம் பிரிந்து வந்தது. வின்சென்ட் பெர்னாடெட்ஸ் தலைமையில் அவர்கள் திட்டமிட்டது 1,000 சதுர மீட்டர் பட்டம். நம்ம கணக்கில் நாலரை கிரவுண்டு! முதல் படியாக, ஏர்பஸ்ஸின் விமான பாகங்களைச் சுமக்கும் 'வில் த போர்தோ' கப்பலில் 500 சதுர மீட்டர் பட்டத்தை மாட்டி 2022-ல் கடலில் சோதனையைத் தொடங்கினார்கள். யார் சரக்கோ, அவர்கள் வீட்டுப் பிள்ளையின் பட்டம்! ஜப்பானின் 'கே லைன்' கப்பல் நிறுவனம் 2019-லேயே இந்தப் பட்டங்களை வாங்க ஒப்புக்கொண்டது. 2024-ல் ஒருபடி மேலே போய், அந்தத் தொழில்நுட்பத்தையே தன் கைக்குக் கொண்டுவந்துவிட்டது.

ஆனால் போட்டி சும்மா இருக்குமா? 2022-ல் ஜப்பானின் 'ஷோஃபு மாரு' நிலக்கரிக் கப்பல், மடக்கி நீட்டக்கூடிய கெட்டிப் பாயோடு கடலுக்கு வந்தது. 2023-ல் 'பிக்சிஸ் ஓஷன்' என்ற கப்பலில் 37.5 மீட்டர் உயரத்தில் இரண்டு இறக்கைகளை நட்டார்கள். ஆறு மாதச் சோதனையில் ஒரு நாளைக்குச் சராசரியாக 3 டன் எரிபொருள் மிச்சம். அந்தக் கப்பலை வாடகைக்கு எடுத்தது யார் தெரியுமா? 2011-ல் பட்டத்துக்குக் கை தூக்கிய அதே கார்கில்! தளத்தில் நிற்கும் இறக்கை இடத்தை அடைக்கும்தான், ஆனால் தண்ணீரில் விழாது. ஏற்றி இறக்கும் தொல்லை குறைவு. இன்றைய தேதிக்கு ரேஸில் முன்னால் போவது இந்த நட்டுவைத்த கோஷ்டிதான். ஸ்கைசெயில்ஸ்கூடப் பட்டத்தை வைத்துத் தரையில் மின்சாரம் எடுக்கும் பக்கம் திரும்பி, 2021-ல் மொரீஷியஸ் தீவில் ஒன்றைப் பறக்கவிட்டது.

இதற்கு நடுவில் சட்டமும் இறுகுகிறது. கப்பல்கள் விடும் கரியமில வாயுவுக்கு ஐரோப்பிய யூனியன் 2024 முதல் காசு வசூலிக்கிறது. 2050 வாக்கில் கப்பல் புகையை நிகர பூஜ்யமாக்குவது என்று உலக நாடுகள் 2023-ல் இலக்கு வைத்தன. ஆனால் அதற்கான கட்டண விதியை நிறைவேற்ற 2025 அக்டோபரில் கூடியபோது, முடிவை ஓராண்டு தள்ளிவைத்துவிட்டன. அங்கேயும் அதே கேள்விதான். நல்லதுதான், ஆனா பில்லு யாருக்கு?

இதில் உங்களுக்கு என்ன வேலை?

நிறைய. நனைந்தாலும் வெயிலில் காய்ந்தாலும் இத்துப்போகாத துணி வேண்டும்: டெக்ஸ்டைல் டெக்னாலஜி மக்களே, கவனிங்க. ஆடுகிற தளத்தில் பட்டத்தை ஆள் தொடாமல் இறக்குவது இன்ஸ்ட்ருமென்டேஷன், கம்ப்யூட்டர் சயின்ஸ் ஆட்களுக்கான புதிர். எந்த வழியில் போனால் எவ்வளவு காற்று என்று சொல்ல ஸ்டாட்டிஸ்டிக்ஸ் தெரிந்தவர் வேண்டும். கப்பலையே டிசைன் பண்ண ஆசையா? சென்னை ஐ.ஐ.டி.யில் கடல் பொறியியலுக்குத் தனித் துறையே இருக்கிறது.

'நாங்க பி.காம்., எங்களுக்கு என்ன?' என்று எழுந்து போகாதீங்க. கப்பல்காரரும் வாடகைக்காரரும் சண்டை போடாமல் லாபத்தைப் பங்கிடுகிற மாதிரி ஒரு ஒப்பந்தம் எழுத, எரியாத எண்ணெய்க்கு நம்பும்படி ஒரு கணக்குக் காட்ட, காமர்ஸும் சட்டமும் படித்தவர்கள்தான் வர வேண்டும். பட்டம் மேலே போவது நூலால். நூல் வாங்கக் காசு வருவது அந்தக் காகிதத்தால்.

அடுத்த தடவை டிபார்ட்மென்ட் சிம்போசியத்தில் யாராவது 'பத்தே வருஷத்துல உலகத்தையே மாத்திடும்' என்று ஒரு ப்ராஜெக்ட்டை ஸ்லைடு போட்டுக் காட்டினால், நல்லா கை தட்டுங்க. தட்டி முடித்ததும் கடைசி பெஞ்சிலிருந்து எழுந்து, ஒரே ஒரு கேள்வி கேளுங்க:

"செலவு யாருக்கு பாஸ், மிச்சம் யாருக்கு?"